ஐம்பத்தொன்பது இறாத்தல்

சென்ற கிழமை பாடசாலை விட்ட பின்னர், உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் ஆசிரியர் ஓய்வறையின் வாயிலில் வந்து தயங்கி நின்றனர். நால்வருள் வாய்த்துடுக்கு மிக்கவன் முன்னே வந்தான்.

"சேர், வாற ஓகஸ்ட் விடுமுறையிலை பருத்தித்துறையிலையிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் சைக்கிளிலை போகப் போறம். நீங்கள் ஒரு சொல் சொன்னால் வீட்டிலை விடுவினம்."

கேட்டபொழுது எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆயினும் ஆசிரியன் என்பவன் முகத்தை ஒருவாறு வைத்துக்கொள்ள வேண்டுமன்றோ? "என்னென்ன கொண்டு போகப் போறியள்?" என்று வினவினேன். கைத்தொலைபேசி, அதற்கு மின்னூட்டும் கருவி, ஒரே நிறத்தில் நால்வருக்கும் தைப்பித்த மேற்சட்டை, படம் பிடிக்கும் கருவி என்று அடுக்கினார்கள். ரியூப்புக்கு ஒட்டுப் போடும் பசையைப் பற்றியோ, பம்மைப் பற்றியோ ஒருவனும் மூச்சு விடவில்லை. இரவு எங்கே படுப்பது என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சோறு எங்கே? அதற்கும் அதே பார்வை.

நெடும் பயணம் என்றால் காற்றைக் கிழித்துக்கொண்டு பறப்பது என்றே இளைஞர் எண்ணுகிறார்கள். அதன் பெரும்பகுதி உண்பது, உறங்குவது, நனைந்ததைக் காயவைப்பது, தண்ணீர் தேடுவது, பழுது பார்ப்பது என்னும் அன்றாட அலுவல்களிலேயே கழிகிறது என்பதை அவர்களுக்கு எப்படி உணர்த்துவது? அப்பொழுதுதான், பல ஆண்டுகளுக்கு முன் படித்து என் மனத்திற் பதிந்த ஒரு பயணத்தை அவர்களுக்குச் சொன்னேன். அன்று அரை மணி நேரத்திற் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1897ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆந் திகதி, காலை ஐந்தரை மணி. அமெரிக்காவின் வடமேற்கே, மொன்ரானா மாநிலத்திலுள்ள மிஸ்ஸூலாக் கோட்டையிலிருந்து இருபத்து மூன்று பேர் துவிச்சக்கர வண்டிகளில் ஏறிப் புறப்பட்டனர். அவர்கள் சேர வேண்டிய இடம் மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள சென் லூயிஸ் நகரம். இடையே கிடந்த தூரம் 1,900 மைல். நமது இலங்கைத் தீவின் வடமுனையிலிருந்து தென்முனை வரையுள்ள நீளம் ஏறக்குறைய 270 மைல். அதனைப் போல் ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து மூவரில் இருபது பேர், ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் இருபத்தைந்தாவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள். அக்காலத்தில் அந்நாட்டு இராணுவத்திற் கறுப்பினத்தவருக்கெனத் தனிப் படைப்பிரிவுகள் இருந்தன. அவற்றை நடத்திய அதிகாரிகளோ பெரும்பாலும் வெள்ளையர். இப்பயணத்தின் தலைவரான லெப்டினன்ட் ஜேம்ஸ் மொஸ் அத்தகையவர். படைக் கல்லூரியை விட்டு வெளியேறி மூன்றாண்டுகளே ஆன இளைஞர். உடன் சென்ற இருவருள் ஒருவர் வைத்தியர் கென்னடி. மற்றவர் எட்வேட் பூஸ் என்னும் பத்தொன்பது வயதுப் பத்திரிகை நிருபர். வழியெல்லாம் அந்தப் பையன் எழுதி அனுப்பிய செய்திகளாலும், மொஸ் எழுதிய அறிக்கையாலுமே இக்கதையை இன்று நாம் அறிகிறோம்.

குதிரைக்குப் புல்லும் நீரும் வேண்டும். அது நோயுறும், மிரளும், இறக்கும். சைக்கிளுக்கு இவையொன்றும் இல்லை. ஆதலால் மலை நாட்டிலும் பாலையிலும் படையினரை அதிற் கொண்டு செல்லலாமா என்று சோதித்துப் பார்ப்பதே நோக்கம். முந்திய ஆண்டு கோடையிலே மொஸ் எட்டுச் சிப்பாய்களுடன் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவரை போய் வந்திருந்தார். அது போய்வர 800 மைல் அளவு. இம்முறை நாட்டின் நடுவயிறு வரை ஓடிப்பார்ப்பதென்று துணிந்தார்கள்.

இனி, அந்த வண்டிகளைச் சற்றுப் பாருங்கள். ஸ்போல்டிங் கொம்பனியாரின் உருக்கு வண்டிகள். வெறும் வண்டியின் நிறை ஏறக்குறைய 32 இறாத்தல். மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளும் கியர் ஏதும் அவற்றில் இல்லை. ஹாண்டிலின் முன்னே கம்பளியும் கூடாரத் துணியில் ஒரு பாதியும் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொருவனும் பாதிக் கூடாரமே சுமந்தான். இரவில் இருவர் சேர்ந்து பாதிகளைப் பொருத்தினால்தான் ஒரு கூடாரம். நண்பனோடு கோபித்துக்கொண்டால் அன்றிரவு வானமே கூரை! வண்டிச் சட்டத்தின் நடு இடைவெளியிற் பொருந்துமாறு செய்த தோற்பெட்டிக்குள் உணவுப் பொருள்கள். மாற்று உள்ளாடை, காலுறை, கைக்குட்டை, பற்தூரிகை, கோப்பை, கரண்டி, கத்தி, முள் என்பன வேறு. இவையெல்லாம் ஏற்றிய பின் ஒரு வண்டியின் நிறை சராசரி 59 இறாத்தல். நமது கணக்கில் ஏறக்குறைய 27 கிலோ. இதற்கு மேலே, ஓட்டுபவன் தன் உடம்பிலே ஏறக்குறைய பத்து இறாத்தல் நிறையுள்ள துப்பாக்கியும் ஐம்பது தோட்டாக்களும் சுமந்தான். ஓட்டுபவர்களில் ஒருவன் முன்னர் சிக்காகோவிலே சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். பழுது பார்க்கும் பொறுப்பு அவனுடையது. அந்த ஒருவன் இல்லாவிடில் இருபத்து மூவரும் பாதி வழியிலே நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டைப் பற்றித் தாய்மார் அறிய விரும்புவார்கள். பாண், கோதுமை மா, பேக்கிங் பவுடர், பன்றி வற்றல், தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சி, அவரை, சீனி, கோப்பி, உப்பு, மிளகு, பாணி என்பனவே பட்டியல். மரக்கறி என்பது பெயருக்கும் இல்லை. ஒருவனிடம் இரண்டு நாளுக்குரிய உணவுதான் இருக்கும். ஏறக்குறைய நூறு மைலுக்கு ஓரிடமாகப் புகையிரத நிலையங்களுக்கு உணவை முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தார்கள். அதாவது, நாளுக்கு ஐம்பது மைல் ஓடினால் வயிறு நிறையும். மழை பெய்து, இருபது மைல்தான் நகர முடிந்தது என்றால் என்ன ஆகும்? எங்கள் நால்வருள் கணிதம் படிப்பவன் உடனே விடை சொன்னான்: "மூன்று நாள் பட்டினி, சேர்."

அந்தக் கணக்குத்தான் பயணம் முழுவதும் அவர்களை விரட்டியது. ஏனெனில் மழை வந்தது. அதுவும் முதல் நாட்களிலேயே வந்தது. மொன்ரானாவின் பாதைகள் தாரிட்ட வீதிகள் அல்ல. வண்டிகளும் குதிரைகளும் உழுத மண் தடங்கள். அந்த மண் நனைந்தால் நமது வன்னிக் களிமண்ணைப் போல, அதனினும் கொடிதாக, பசையாகிவிடும். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலே அப்பி இறுகிச் சக்கரம் சுழலாது நிற்கும். இறங்கிச் சுரண்ட வேண்டும். பத்தடி போனால் மீண்டும் சுரண்ட வேண்டும். இறுதியிற் பாதையையே கைவிட்டுப் புகையிரதப் பாதையில் ஏறினார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே சிலிப்பர் கட்டைகளின் மேல் வண்டியை உருட்டிக்கொண்டு, தடக்குத் தடக்கென்று மைல் கணக்கில் நடந்தார்கள். கட்டைக்குக் கட்டை வண்டியும் குலுங்கும், முதுகிலுள்ள துப்பாக்கியும் குலுங்கும், பல்லும் குலுங்கும்.

இவ்விடத்தைச் சொல்லும்பொழுது என் குரல் சற்றுத் தளர்ந்ததை மாணவர் கவனித்திருக்கலாம். சுமையேற்றிய சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த அந்த மழையிரவில், எனக்குப் பதினாறு வயது. நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் அடிக்கு மேல் அடி வைக்க இடமில்லை. அப்பா உருட்டிய சைக்கிளின் கரியரில் அம்மம்மா. ஹாண்டிலின் இருபுறமும் பைகள். நடுச்சட்டத்தில் அரிசி மூட்டை. நான் உருட்டிய சைக்கிளிலே என் புத்தகங்களை ஏற்றியிருந்தேன். சிறிது தூரம் சென்றதும் அவற்றை இறக்கி வைத்துவிட்டு, வழியிலே களைத்திருந்த ஒரு மூதாட்டியை ஏற்றினோம். அப்பயணத்துக்கு ஒரு அறிக்கையும் இல்லை. எத்தனை மைல் என்று எவரும் அளக்கவும் இல்லை. அந்தச் சைக்கிள் இன்றும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்திலே துருவைத் துடைத்து அதிலேதான் பாடசாலைக்குப் போனேன். நிற்க.

ரொக்கி மலைத்தொடரின் உச்சியை அவர்கள் கடந்தபொழுது அங்கே கோடையிலும் பனி கிடந்தது. நனைந்த கம்பளி, நனைந்த காலுறை, நனைந்த விறகு. விறகு எரியாவிட்டால் கோப்பி இல்லை. கோப்பி இல்லாவிட்டால் சிப்பாய்க்கு விடியலே இல்லை. மலையிறங்கி, பிலிங்ஸ் நகரைக் கடந்து, ஜூன் மாதக் கடைசி வாரத்தில் லிட்டில் பிக்ஹோர்ண் என்னும் போர்க்களத்தை அடைந்தார்கள். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்னர், 1876 ஜூன் 25இல், தளபதி கஸ்ரரும் அவருடைய படையினரும் அந்நாட்டின் ஆதிக்குடியினரால் முறியடிக்கப்பட்ட இடம் அது. தங்கள் மண்ணைக் காக்கப் போரிட்ட ஆதிக்குடியினர், அவர்களை அடக்க வந்த வெள்ளையர், இப்பொழுது அவ்வழியே சைக்கிளில் வரும் கறுப்பினச் சிப்பாய்கள்: இம்மூவரும் ஒரே புல்வெளியிற் பதித்த சுவடுகளைப் பற்றி வரலாறு படிக்கும் மாணவர் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

வயோமிங்கைக் கடந்து, தென் டக்கோட்டாவின் ஓர் ஓரத்தைத் தொட்டு, நெபிராஸ்கா மாநிலத்துள் நுழைந்தபொழுது மழை மறைந்து வெயில் வந்தது. அங்கே மணற்குன்றுப் பிரதேசம் என்று ஒன்று உண்டு. நமது மணற்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்திற் கடல் இல்லை, காற்றிற் குளிர்ச்சி இல்லை. நிழலிலேயே 110 பாகை பரனைற் வெப்பம் இருந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது. மணலிலே சக்கரம் புதையும். ஆகவே அங்கும் புகையிரதப் பாதையே தஞ்சம். இரும்பும் சுட்டது, மணலும் சுட்டது, சப்பாத்துக்குள்ளே கால் கொப்புளித்தது. 170 மைலைக் கடக்க நாலரை நாள் பிடித்தது.

தண்ணீரோ அதனினும் பெரிய துன்பம். அந்தப் பகுதியின் நீர் காரம் மிக்கது. தாகத்துக்குக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். தலைவர் மொஸ்ஸே நோயுற்றுப் பின்தங்க, வைத்தியர் கென்னடி படையை நடத்திச் சென்றார். மொஸ் பின்னர் புகையிரதத்தில் வந்து சேர்ந்துகொண்டார். இதனை அவருக்கு இழுக்காகச் சொல்லவில்லை. ஆனால் சிப்பாய்களுக்கும் அதே தண்ணீர்தான். பகல் வெப்பத்துக்கு அஞ்சி, நிலவு உள்ள இரவுகளில் எழுந்து ஓட்டினார்கள். நிலா வெளிச்சத்திலே, மனித அரவமற்ற அந்தச் சமவெளியிலே, இருபது சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் காட்சியை நினைக்கும்பொழுதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு நடுக்கம். பகலில் எங்கே உறங்கினார்கள்? அங்கே மரமும் அரிது.

சிற்றூர்களிலே சனங்கள் கூடி வந்து வேடிக்கை பார்த்தனர். வாழ்நாளிலே கறுப்பினத்தவரைக் கண்டிராதவர் அவர்களிடையே பலர் இருந்திருப்பர். ஆயின் மிசூரி நதியைத் தாண்டி மிசூரி மாநிலத்துட் புகுந்தபொழுது சிலருடைய முகம் மாறிற்று. அது 1865 வரை அடிமைமுறை நிலவிய மாநிலம். தண்ணீரும் தங்க இடமும் மறுத்த பண்ணைக்காரரும் உண்டு. அங்கே மனந்தான் கரடு. மலையிலும் மணலிலும் வராத களைப்பு அங்கே வந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

ஜூலை 24ஆந் திகதி சென் லூயிஸ் நகரை அடைந்தனர். அந்நகரத்துச் சைக்கிள் ஓட்டுநர் பலர் எதிர்கொண்டு வந்து அழைத்துச் சென்றனர். அங்குள்ள பெரும் பூங்காவொன்றிற் கூடாரம் அடித்தனர். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தனர். மொத்தம் நாற்பத்தொரு நாள். அதிற் பயணம் செய்த நாட்கள் முப்பத்து நான்கு. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 56 மைல் வரும். ஓடிய நேரத்தை மட்டும் எடுத்தால் மணிக்குச் சராசரி 6.3 மைல் வேகம். "இவ்வளவுதானா?" என்று சிரித்தான் வாய்த்துடுக்கன். அச்சராசரிக்குள் சிலிப்பர் கட்டையும், மணலும், மலையும் அடக்கம் என்று சொன்னேன், சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மொஸ் இன்னும் மேலே, மினசோட்டா வரை ஓட்ட விரும்பினார். மேலிடம் இணங்கவில்லை. சிப்பாய்கள் புகையிரதத்தில் ஏறி மொன்ரானாவுக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஸ்பானியருடன் போர் மூண்டது. அப்படைப்பிரிவு கியூபாவுக்குப் போயிற்று. சைக்கிள் படை என்பது அத்தோடு முடிந்தது.

அந்தப் பயணத்திலே சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். பெயர் மிங்கோ சாண்டர்ஸ். சிப்பாய்களை அன்றாடம் நேரே நடத்தியவர் அவரே. விடியலில் எழுப்பவும், கூடாரம் கலைப்பிக்கவும், வரிசை குலையாது கொண்டு செல்லவும், பின்தங்கியவனுக்காகக் காத்து நிற்கவும் ஒருவர் வேண்டுமே! தென் கரோலினாவிலே, அடிமைமுறை ஒழியுமுன் பிறந்தவர். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. நாற்பதைக் கடந்த எனக்கு, பாடசாலைக்குப் போய்வரும் மூன்று மைலே சில நாட்களில் மூச்சு வாங்க வைக்கிறது. ஆகையால் இந்தக் கதையில் எனக்கு மொஸ்ஸைவிட சாண்டர்ஸே அண்மையானவர்.

1906ஆம் ஆண்டில் இருபத்தைந்தாவது படையின் ஒரு பகுதி ரெக்சாஸ் மாநிலத்தின் பிரவுண்ஸ்வில் நகரில் நிறுத்தப்பட்டிருந்தது. ஓகஸ்ட் மாத நள்ளிரவொன்றில் அந்நகரத் தெருக்களிலே துப்பாக்கி வெடித்தது, ஒருவர் இறந்தார். பழி கறுப்பினச் சிப்பாய்கள் மேல் விழுந்தது. சுட்டவன் இவன் என்று எவனும் காட்டிக்கொடுக்கவில்லை. தமக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? நீதிமன்ற விசாரணை எதுவுமின்றி, சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற்றின் கட்டளைப்படி 167 பேர் படையிலிருந்து மதிப்பின்றி விலக்கப்பட்டனர். அவர்களுள் மிங்கோ சாண்டர்ஸ் ஒருவர். இருபத்தைந்து ஆண்டுச் சேவை, ஓய்வூதியம் பெறும் காலம் அணுகியிருந்தது, எல்லாம் போயிற்று. மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டினார், நடக்கவில்லை. 1929இல் இறந்தார். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அமெரிக்க இராணுவம் ஏற்றுப் பழியை நீக்கியது 1972இல். சாண்டர்ஸ் இறந்து நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின்.

மாணவர் நால்வரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வாய்த்துடுக்கன் கேட்டான்: "சேர், ஆரும் பிறகு அந்தப் பாதையிலை போனவையோ?"

போனார்கள் என்றேன். 1974இல் மொன்ரானாப் பல்கலைக்கழகத்து மாணவர் உள்ளிட்ட ஒரு குழுவினர் அதே வழியில் ஓட்டினர். 2022இல், நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக, எரிக் செடெனோ என்பவர் மிஸ்ஸூலாவிலிருந்து புறப்பட்டு அந்தத் தடத்தைத் தேடித் தேடி ஓட்டி முடித்தார்.

நேற்று மாலை அந்த நால்வரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரே நிறச் சட்டை என்னும் எண்ணம் கைவிடப்பட்டதாம். வவுனியா, மாத்தளை, கண்டி என்று எங்கெங்கே யார் யாருடைய உறவினர் இருக்கிறார்கள், எந்த எந்தக் கோயில் மடத்தில் இரவு படுக்க விடுவார்கள் என்று அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் சைக்கிள் கடையில் இரண்டு கிழமை நின்று ஒட்டுப் போடவும், கம்பி இழுத்து றிம் நேராக்கவும் பழகுகிறான். சந்திக் கடைத் தராசிலே தங்கள் மூட்டைகளை நிறுத்தும் பார்த்திருக்கிறார்கள்: ஆளுக்கு ஒன்பது கிலோ. அதையும் குறைக்க வேண்டுமென்று என் மனைவி சொன்னாள். பையன்களின் தாய்மாரோடு பேசுவதாக வாக்களித்திருக்கிறேன். நாளை முதல் வீட்டுக்குப் போக வேண்டும்.

புறப்படும் நேரத்தை மட்டும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில், காலை ஐந்தரை மணி.